நான் மூன்றாவது தடவை போகாத பதினெட்டாம் வார்டு

முப்பத்தொரு வயதில் என் பணிக்காலத்தைப் பற்றி எழுத உட்கார்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நகராட்சியின் தேர்தல் பிரிவில் ஏழு வருடம் தற்காலிக உதவியாளராக இருந்தேன். மகள் யாழினிக்கு இரண்டு வயதானபோது வேலையை விட்டேன். மாலை மரியாதையெல்லாம் கிடையாது. மேசை டிராயரைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

போன மாதம், இப்போது என் நாற்காலியில் இருக்கும் செல்வி போன் செய்தாள்.

"அக்கா, பழைய பதினெட்டாம் வார்டு எங்கன இருந்துச்சு? ஒரு மனு வந்திருக்கு. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்க கடைத்தெருன்னுல்ல நெனச்சேன்."

அவள் மேல் தப்பில்லை. பதினெட்டு என்ற எண் இன்னும் இருக்கிறது. எங்கள் பதினெட்டாம் வார்டைப் பிரித்துப் பதினேழிலும் பத்தொன்பதிலும் சேர்த்த பிறகு, அந்த எண்ணைக் கடைத்தெருவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு இருக்க காலனி" என்றேன். "மனு யாரு குடுத்தது?"

"பேச்சியம்மாள்னு ஒருத்தவுக. முன்னாள் கவுன்சிலராம். நாலு வருசத்துக்கு முன்ன வீடு சரிபார்க்க வந்தது யாரு, பேரைச் சொல்லுங்கன்னு கேட்டிருக்காக. படிவம் ஒண்ணையும் காணோம்க்கா. இல்லைன்னு பதில் போட்டுரவா?"

இரண்டு நாள் பொறுத்துக்கொள் என்று சொன்னேன். பிறகு, "அந்த வார்டு கதையை எழுதித் தாங்கக்கா, ஊழியர் மலர்ல போடலாம், எங்களை மாதிரி புதுசா வந்தவகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றாள். உபயோகமாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுதுகிறேன். சரிபார்க்கப் போனது நான்தான்.

அந்தக் காலனியில் இருப்பவர்கள் மல்லாங்கிணறு பக்கத்துக் கரிசல் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். மழை ஏமாற்றிய வருடங்களில் ஒவ்வொரு குடும்பமாகப் பட்டாசு வேலைக்கு வந்தார்கள். ஊர் எல்லையை நீட்டியபோது அவர்கள் நகராட்சிக்குள் வந்தார்கள். ரயில் பாதை நடுவே கிடந்ததால் அவர்களை யாரோடும் சேர்க்க முடியாமல் தனி வார்டாக்கினார்கள். நாலு தெரு, இரண்டு குழாய், ஒரு சத்துணவுக் கூடம். எங்கள் ஊரிலேயே சின்ன வார்டு அதுதான்.

முதலில் அங்கே கவுன்சிலராக இருந்தவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் கடை வைத்திருந்த ஒருவர். பிறகு வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது பேச்சியம்மாள் நின்று ஜெயித்தார். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. கூட்டம் இருக்கும் நாளில் மட்டும் லீவு போட்டுவிட்டு வருவார். கழுவக் கழுவப் போகாத அலுமினியப் பவுடர் கைமுட்டியில் வெள்ளி மாதிரி மின்னும். அவர் வந்து செய்த முதல் வேலை, தண்ணீர் முறையை மாற்றியது. வாரத்தில் இரண்டு நாள் காலை பதினொரு மணிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றினார். "பதினோரு மணிக்கு எங்க தெருவுல காக்கா கூட இருக்காது, யாருக்குத் திறந்து விடுறீக?" என்று அவர் கூட்டத்தில் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதியதே நான்தான். எழுதியும் அது என் மண்டையில் ஏறவில்லை.

நான் வேலை கற்றது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டப்படிப்பு முடித்து, தட்டச்சு பாஸ் செய்து, சூலக்கரையில் இரண்டு நாள் பயிற்சி. மீதியெல்லாம் தலைமை எழுத்தர் வேலுச்சாமி சாரிடம்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பட்டியல் சரிபார்க்கும்போது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் மர அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அதுவும் கடைசிப் பெயரிலிருந்து முதல் பெயருக்கு, கீழிருந்து மேலாக. "மேல இருந்து வாசிச்சா கண்ணு அடுத்த பேரைத் தானா நெனச்சுக்கிரும்மா. நெனச்சதையே பாக்கும். கீழ இருந்து வந்தா ஏமாத்த முடியாது" என்பார். ஒரு பெயருக்கு ஒரு பென்சில் புள்ளி. புள்ளி விட்டுப்போனால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும்.

தப்பு இருந்தால் சொல்லமாட்டார். அந்தத் தாளை எழுதியவர் மேசையில் குப்புறப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நாமே திருப்பிப் பார்த்து, நாமே கண்டுபிடித்து, திருத்தி அவரிடம் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால், "ம்" என்று மட்டும் சொல்லிச் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். என் மேசையில் குப்புறக் கிடந்த தாள்கள் குறைவு. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமை இல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

வார்டுகளைத் திருத்தி அமைக்கப் போகிறார்கள், அதற்கு முன் வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது யாழினிக்கு ஏழு மாதம். எனக்குப் பதினெட்டாம் வார்டு விழுந்தது. படிவத்தில் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயர், வயது, தொழில், பார்த்த நேரம் எழுத வேண்டும். மூன்று பிரதி: இரண்டு அலுவலகத்துக்கு, மஞ்சள் பிரதி சரிபார்ப்பவருக்கு. வீடு பூட்டியிருந்தால் மூன்று தடவை போக வேண்டும். காலை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு தடவை. மூன்று தடவையும் பூட்டியிருந்தால்தான் 'குடியிருப்போர் இல்லை' என்று எழுதலாம். அந்த விதியைப் பயிற்சியில் என் கையாலேயே எழுதியிருந்தேன்.

யாழினி புட்டிப்பால் குடிக்கமாட்டாள். என் மாமியார் சாயங்காலம் இட்லிக் கடை போடுவார்; மாவு, சட்னி என்று மூன்று மணிக்கே வேலை தொடங்கிவிடும். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் குழந்தையை வைத்துக்கொள்ள முடியும். கணவர் சிவகாசியில் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். காலண்டர் சீசனில் அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். அதனால் நான் பதினெட்டாம் வார்டுக்குப் போனதெல்லாம் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். காலை ஆறரைக்கெல்லாம் கம்பெனி பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். நாலு தெருவும் பூட்டிக் கிடந்தன. சில வீடுகளில் படுக்கையில் கிடந்தவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் இருந்தார்கள், அவர்களை எழுதினேன். மற்றக் கதவுகளில் சாக்பீஸால் எண்ணைக் குறித்துவிட்டு வந்தேன். மூன்று நாள் கழித்து மறுபடி போனேன், பன்னிரண்டு மணியை ஒட்டி; அதை மதியம் என்று போட்டுக்கொண்டேன். அதே பூட்டுகள்.

இரண்டாவது தடவை நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும். மேலத்தெருக் குழாயைச் சுற்றி பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. தெரு முனை தாண்டி வளைந்து போயிற்று வரிசை. ஒவ்வொன்றிலும் பெயிண்டில் ஓர் அடையாளம். சிவப்புப் புள்ளி, மஞ்சள் கோடு, ஒரு மீன், ஓர் இனிஷியல். வேலைக்குப் போகுமுன் இடம் பிடித்து வைத்துவிட்டுப் போன குடங்கள். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடம் எதையும் தட்டிவிடாமல் கவனமாகச் சுற்றி நடந்து, பூட்டியிருந்த வீடுகளின் எண்ணை எழுதினேன். ஒரு தெருவின் ஆட்கள் எல்லோரும் குடங்களாக அங்கே வரிசையில் நின்றிருந்தார்கள். ஆள் இல்லை என்று எழுதினேன்.

மூன்றாவது தடவை, மாலையில், நான் போகவே இல்லை. போக வேண்டிய செவ்வாய்க்கிழமை யாழினிக்குக் காய்ச்சல். மறுநாள் படிவம் கொடுக்க வேண்டிய கடைசி நாள். ஆறு மாத வேலை நீட்டிப்புக் கோப்பு அந்த வாரம்தான் ஆணையர் மேசையில் இருந்தது. தாமதமாகக் கொடுத்தவள் என்று என் பெயர் அதில் வருமோ என்று பயந்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மூன்றாவது கட்டத்தில் வரிசையாக எழுதினேன்: செவ்வாய், மாலை 6.15, பூட்டு. செவ்வாய், மாலை 6.15, பூட்டு. ஒரே நிமிடத்தில் அத்தனை கதவையும் ஒருத்தி எப்படிப் பார்க்க முடியும் என்று கூட எனக்குத் தோன்றவில்லை. பாதிக்கு மேல்தான் 6.20, 6.25 என்று மாற்றினேன்.

வார்டு எண்ணிக்கைகளைத் தொகுத்து வரைவுப் பட்டியல் வந்தது. ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வாரம். நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தோம். அலுவலக நேரத்தில் வந்து பார்க்கலாம்.

இரண்டாம் நாள் காலை நான் வந்தபோது என் மேசையில் தாள்கள் குப்புறக் கிடந்தன. திருப்பவே தேவையில்லை, என் பதினெட்டாம் வார்டுப் படிவங்கள் என்று தெரிந்துவிட்டது. வேலுச்சாமி சார் சைக்கிளில் அலுவலகம் வருபவர். அவர் வழி ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் வரும். சாயங்காலம் அந்தத் தெருக்கள் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்தத் தாள்கள் மூன்று நாள் அப்படியே கிடந்தன. அதன் மேல் வேறு கோப்புகளை வைக்கவும் பயம், எடுக்கவும் பயம். போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். பொய் நேரம் எழுதினேன் என்று சொன்னால் தற்காலிக ஊழியருக்கு விளக்கம் கேட்கமாட்டார்கள், வராதே என்பார்கள். குழந்தைக்கு மருந்து, வாடகை, இப்படி ஒவ்வொன்றாக எண்ணி மறுபடி உட்கார்ந்தேன். யாராவது ஆட்சேபம் கொடுத்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். அலுவலக நேரத்தில் பலகை பார்க்க அந்த வார்டிலிருந்து யார் வருவார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை.

நாலாம் நாள் சார் என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"என்னம்மா, தாளு அப்படியே கெடக்கு?"

"பாத்துட்டேன் சார்."

"பாத்துட்டியா?"

"சரியாத்தான் சார் இருக்கு."

அவர் தாள்களை எடுத்தார். "நீ பாத்துட்டேன்னா சரிதான்" என்று சொல்லி, என் மேசையிலேயே குனிந்து சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். அவர் என்னை நம்பினாரா, அல்லது எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்து நான் அதையும் விட்டதைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறு வருடம் அவர் ஓய்வு பெற்றபோதும் கேட்கவில்லை.

மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. ஆள் குறைவான பதினெட்டாம் வார்டைப் பிரித்துப் பக்கத்து வார்டுகளில் சேர்ப்பது. நான் வருகைப் பதிவேட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். பேச்சியம்மாள் எழுந்தார்.

"எங்க வார்டுல ஆளு இல்லையா? அப்ப எனக்கு ஓட்டுப் போட்டது யாரு? பேயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு கவுன்சிலர் பக்கத்திலிருந்தவரிடம், "ஏலே, பட்டாசுச் சத்தத்துக்குப் பேயே அங்கிட்டு அண்டாதுலே" என்றார். இன்னும் சிரிப்பு.

அதிகாரி ஒருவர் படிவத்தைப் பார்த்து வாசித்தார். "மூணு தடவை போயிருக்காங்கம்மா. காலை, மதியம், மாலை. மூணு தடவையும் பூட்டு."

"சாயங்காலமுமா?" என்றார் பேச்சியம்மாள். அவர் குரல் இறங்கிவிட்டது. "எவன் வந்தான்? வந்தவனைக் கூட்டிட்டு வாங்க. எந்த வீட்டுக் கதவைத் தட்டுனான்னு அவன் வாயால சொல்லட்டும்."

'எவன்' என்றார். சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னை அவருக்குத் தெரியும். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம், "புள்ளைக்குப் பல்லு வந்துருச்சா தாயி?" என்று கேட்பார். என்னை அவர் நினைக்கவே இல்லை. நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் கொடுங்கள் பார்க்கலாம் என்றார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அந்தக் காலனி இரண்டு பெரிய வார்டுகளுக்கு வால் ஆயிற்று. அடுத்த தேர்தலில் கேட்டுக்கு இந்தப் பக்கத்துக்காரர்களே இரண்டிலும் ஜெயித்தார்கள். தண்ணீர் முறையை மாற்றி எழுதியபோது, அந்த இரண்டு குழாய்களுக்கும் மறுபடி காலை பதினொரு மணி என்று போட்டார்கள். அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தது நான். அது முடிந்து சில மாதங்களில் வேலையை விட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதி உண்மை.

செல்வி போன் வைத்ததும் பீரோவைத் திறந்தேன். யாழினியின் தடுப்பூசி அட்டைக்குக் கீழே மஞ்சள் பிரதிகள் இருந்தன. ஏன் கிழித்துப் போடவில்லை என்று தெரியவில்லை. அலுவலகத்தில் வேறு பிரதி இல்லை. நான் பேசாமல் இருந்தால் செல்வி 'இல்லை' என்று பதில் போடுவாள், விஷயம் முடிந்துவிடும். ஒரு நாள் முழுக்க அதையும் யோசித்தேன்.

மறுநாள் யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பழக்கமோ என்னவோ, போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மேலத்தெருவில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்தத் தெருவில் பதினொரு மணிக்குத் திறந்திருந்த கதவு முன்பெல்லாம் ஒன்றோ இரண்டோதான். இப்போது நாலைந்து வீடு திறந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பெண் பிள்ளை. பேச்சியம்மாள் வீட்டிலிருந்து பதிமூன்று, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு குடங்களோடு வந்தாள். பழைய பள்ளிக்கூடப் பாவாடை, மேலே அண்ணன் சட்டை.

"அம்மா இல்லையாம்மா?"

"கம்பெனிக்குப் போயிருக்காக. ஆறு மணிக்கு வருவாக. நீங்க யாருக்கா?"

"சாயங்காலம் வந்து சொல்றேன்" என்றேன்.

ஆறேகாலுக்குப் போனேன். கம்பெனி பஸ் அப்போதுதான் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. வாசல்களில் பெண்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்கச் சத்தம்.

"வாங்க தாயி! என்ன, புள்ளையையும் தூக்கிட்டு இங்கன?" என்றார் பேச்சியம்மாள். யாழினியின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டி, பவுடர் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நான் மஞ்சள் தாள்களை நீட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். "செவ்வாக் கிழமை. மாலை ஆறு பதினஞ்சு. பூட்டு." இன்னொரு தடவை வாசித்தார். அப்புறம் எதிர் வீட்டு வாசலில் இருந்த பெண்ணைப் பார்த்து, "ஏ சுப்பு, அந்த வருசம் செவ்வாக் கிழமை தண்ணி வந்த நாளுல்ல?" என்றார்.

"ஆமா. தெருவே கொழாயடியில கெடந்துச்சே. ஏன்?"

"அன்னைக்கு ஆறேகாலுக்கு நம்ம தெருவுல ஆளே இல்லையாம்." என் பக்கம் திரும்பினார். "இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான்க்கா. நான் சாயங்காலம் வரவே இல்லை. வந்ததா எழுதிட்டேன்."

அவர் யாழினியைப் பார்த்தார். "அப்ப இது கைப்புள்ள" என்றார், கேள்வி மாதிரியும் இல்லாமல், மன்னிப்பு மாதிரியும் இல்லாமல். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தாயி. எங்க வீட்டுல போட்டுட்டுப் போயிருக்கலாம். இங்கன பால் குடுக்குறவ எத்தன பேரு."

சுப்பு எட்டிப் பார்த்துத் தாளை வாங்கினார். "ஆறேகாலுக்கு வாறேன்னு எழுதிட்டு நாலு வருசம் கழிச்சு வந்திருக்காக பாருங்க! மதுரை பாசஞ்சர் கூட இம்புட்டு லேட்டு கெடையாது" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன்.

எழுதித் தருகிறேன் என்றேன். அங்கேயே உட்கார்ந்து, என்ன செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன். அதை வைத்து வார்டு திரும்பக் கிடைக்குமா என்று சுப்பு கேட்டார். தெரியவில்லை என்றேன். கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். அடுத்து எப்போது திருத்தி அமைப்பார்களோ, அப்போது பார்க்கலாம் என்பார்கள்.

"அப்ப இப்பவே எழுது" என்றார் பேச்சியம்மாள். "மனுவோட சேத்துக் குடுக்கேன். எத்தன பேரு இருக்கோம்னு தெரியட்டும். மொத வீடு இதுதான்."

மதியம் செல்வியிடமிருந்து வாங்கி வந்த வெற்றுப் படிவக் கட்டு ஒன்று பையில் இருந்தது. பெயர், வயது, தொழில். பேச்சியம்மாள், பட்டாசுத் தொழிலாளி. கணவர், பட்டாசுத் தொழிலாளி. மகன், லோடு வேன். மகள் முத்துமாரி.

"என்ன படிக்கிற முத்துமாரி?"

"எட்டு" என்றாள்.

"எட்டோட நின்னாச்சு" என்றார் பேச்சியம்மாள். "பதினோரு மணிக்குத் தண்ணி பிடிக்க வீட்டுல ஆள் வேணும்ல?"

தொழில் என்ற கட்டத்துக்கு மேல் பேனா நின்றது. முத்துமாரி என் தோளுக்கு மேலாகக் குனிந்து தாளைப் பார்த்தாள்.

"தண்ணி பிடிக்கிறதுன்னு எழுதுங்கக்கா" என்றாள். "அதான நெசம்?"

அப்படியே எழுதினேன். அடுத்த கட்டத்தில் பார்த்த நேரத்தை எழுதிவிட்டு, பக்கத்து வீட்டுக்கு எழுந்தேன்.